தால்மூரின் நெஞ்சுக்குள் போன நோட்டு

யோகோண்டா கிமி வருடத்தில் பத்து மாதம் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பாள். மீதி இரண்டு மாதம் டிராகன் கட்டுவாள். இதில் எது வேலை, எது விளையாட்டு என்று யாராவது கேட்டால், "பத்து மாசம் செய்யறது வயித்துக்கு. ரெண்டு மாசம் செய்யறது எதுக்குன்னு தெரிஞ்சதும் சொல்லியனுப்புறேன், போங்க" என்பாள்.

குவயாகில் நகரத்தின் தென்மேற்கில், உப்பங்கழியை ஒட்டிய சுபூர்பியோ என்ற குடியிருப்பில் அவள் தெரு. டிசம்பர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் வீடுகளைவிட உயரமான ஆட்கள் முளைத்துவிடுவார்கள். மூங்கிலும் காகிதமும் மரவள்ளிப் பசையும் சேர்ந்து உண்டான ஆட்கள். சினிமாவில் பறக்கிறவர்கள், மந்திரம் போடுகிறவர்கள், நெருப்புக் கக்குகிறவர்கள் எல்லோரும் மின்கம்பிகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வருடத்தின் கடைசி நாளில் அத்தனையும் தீக்கு. எரியப்போகிற பொம்மைக்கு நகக்கண் வரைக்கும் எதற்கு வரைய வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். உள்ளூரில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

யோகோண்டா ஒன்பது வருடமாக ஒரே படவரிசையிலிருந்துதான் பொம்மை எடுப்பாள். 'மூன்று கண் நதி' என்று பெயர். முதல் படத்துக்கு அவளும் புருஷன் ஃபுல்டோனும் தெரிந்து போகவில்லை. வேறொரு காதல் படத்துக்குப் போனார்கள், இடம் இல்லை, பக்கத்து அரங்கில் உட்கார்ந்துவிட்டார்கள். நதிக்குள்ளிருந்து தால்மூர் என்ற மூன்று கண் டிராகன் எழுந்து, ஜலதோஷம் பிடித்த பேருந்து நடத்துனர் மாதிரி ஒரு குரலில் பேசியபோது, யோகோண்டா ஃபுல்டோனின் முழங்கையைப் பிடித்து, "கழுத்து ஆறு பாகம் வரும்" என்றாளாம். "ஊர் ஜனமெல்லாம் பயந்து கத்துது, இவ அளவெடுக்கிறா" என்று ஃபுல்டோன் இன்றைக்கும் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வருடம் படவரிசையின் ஐந்தாவது படம், கடைசிப் படம், வரவிருந்தது. அதனால் தால்மூரும் ஒன்பது மீட்டர். ஒரு சிறகு அவள் வீட்டு மாடி வரைக்கும், இன்னொரு சிறகு எதிரே மருந்துக் கடைப் பலகை வரைக்கும். படத்தின் ரசிகர்கள் தங்களை 'நதிக்காரர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். நகரம் முழுவதிலுமிருந்து வேஷம் கட்டிக்கொண்டு படம் வெளியாகிற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறகின் அடியில் கூடி, அங்கிருந்து ஒன்றாகப் படத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஒன்பது வருடத்தில் அவர்கள் யோகோண்டாவின் தெருவைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை.

பொம்மைக்குக் காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. தெருதான் கொடுக்கும். அக்டோபரிலிருந்தே மூட்டை மூட்டையாக வந்து வாசலில் விழும். பழைய செய்தித்தாள், சிமெண்ட் சாக்கு, காலாவதியான காலண்டர், யாரோ தோற்றுப்போன தேர்தலின் சுவரொட்டி. உள்ளே செய்தித்தாள், அதன்மேல் சிமெண்ட் சாக்குத் தாள், வெளியே வெள்ளை நோட்டுத் தாள். நோட்டுத் தாளில்தான் வண்ணம் அழகாக உட்காரும். எதையும் கத்தரிக்கக் கூடாது. கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்தில்தான் பசை பிடிக்கும்.

முனையில் பச்சை வாழைக்காய் உருண்டை போட்டு விற்கும் தர்ஹேலியா நவம்பர் கடைசியில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து போட்டாள்.

"வெசி, எல்லாம் முதல் தரமான தாள். என் மக பரீட்சை எல்லாத்துலயும் பாஸ். இனிமே இந்த நோட்டெல்லாம் எதுக்கு?" என்றாள். அந்தத் தெருவில் பக்கத்து வீட்டார் எல்லோரும் ஒருவருக்கொருவர் 'வெசி'தான். "கணக்கியல் படிச்ச டிராகனா இருக்கட்டும் உன்னோடது."

தர்ஹேலியாவின் மகள் நயேலி, அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் வகுப்பு. 'செலவுக் கணக்கியல்' என்று அட்டையில் எழுதிய நோட்டுகளை எண்ணெய்க் கையால் தொட்டுவிடக் கூடாது என்று தர்ஹேலியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டுதான் எடுத்துக் கட்டியிருந்தாள்.

படம் வரும் ஞாயிறுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம் நயேலி மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டோடு தெருவைக் கடந்து ஓடி வந்தாள்.

"அக்கா, எங்கம்மா ஒரு மூட்டை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. நல்ல தாளு. ஏன்டி?"

"அதுல செலவுக் கணக்கியல்னு ரெண்டு நோட்டு. அஞ்சு, ஆறுன்னு நம்பர் போட்டிருக்கும்."

யோகோண்டா இடது சிறகைக் காட்டினாள். அது வெள்ளை வெளேரென்று, இன்னும் வண்ணம் படாமல், விலா எலும்பு மாதிரி மூங்கில் தெரியக் காய்ந்துகொண்டிருந்தது.

நயேலி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் நீல மையில் எழுதியிருந்த பொடிப்பொடியான தன் கையெழுத்து, விரல் அகலத் துண்டு துண்டாக, சாய்ந்தும் தலைகீழாகவும் ஒட்டியிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகை ஓய்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவை கணக்கியல் நோட்டுகளே இல்லை. நான்காவது படம் முடிந்த இடத்திலிருந்து அவளாகவே ஒரு கதை எழுதி வந்தாள். நதிக்காரர்களின் இணையக் குழுவில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டாள். குவயாகிலில் மட்டுமில்லை, லிமாவிலும் போகோட்டாவிலும் அதைப் படிக்க ஆள் இருந்தது. முதல் நான்கு நோட்டு குழுவில் ஏறிவிட்டது. ஐந்தும் ஆறும் கையெழுத்தில் மட்டும். கடைசிப் படம் வருவதற்கு முன்னால் தன் கதையின் முடிவைப் போட்டுவிடுவதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். படம் வந்துவிட்டால் அப்புறம் யாருக்கு வேண்டும் அவள் முடிவு?

"அதுக்கு எதுக்குடி செலவுக் கணக்கியல்னு பேர் வெச்ச?"

"அம்மா பார்த்தா? கடன் ஒடன் பட்டு என்னைப் படிக்க வைக்கிறாங்க. நான் டிராகன் கதை எழுதறேன்னு எப்படிக்கா சொல்றது?"

தன் கையால், தாள் தாளாக, அந்தப் பெண்ணின் ஒரு வருடத்தைக் கிழித்திருக்கிறோம் என்பது யோகோண்டாவுக்கு உறைத்தது. கிழிக்கும்போது எழுத்தைப் பார்க்கவே இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பார்த்தாள்தான். நீலக் கோடு பாய்ந்த நல்ல கனமான தாள் என்று பார்த்தாள்.

"எழுந்திரு. ஒட்டினதுதானே, எரியலையே. படிச்சிடலாம்," என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளி வரை அந்தத் தெருவில் டிராகனைப் படிக்கிற வேலை நடந்தது. குழுவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஃபுல்டோன் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினான். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, நயேலி கீழே நின்று, "அது முப்பத்தொண்ணாம் பக்கம், அதோட மிச்சம் அந்த நகத்துக்கிட்ட இருக்கும் பாருங்க" என்று கோத்துக்கொண்டே போனாள். எந்தப் பக்கத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்தோம், எந்தக் கையால் துண்டை எடுத்தோம் என்பதெல்லாம் யோகோண்டாவுக்கு நினைவிருந்தது. தோள்பட்டையிலிருந்து நுனிக்கு, மூங்கில் போகிற போக்கில். அந்த வரிசையைச் சொன்னவுடன் கதையும் ஏறக்குறைய வரிசைக்கு வந்தது. ஃபுல்டோன் தால்மூர் பேசும் இடங்களையெல்லாம் ஜலதோஷக் குரலில் படித்தான்.

"அங்க தால்மூர் பேசலைங்க, ராணி பேசறா," என்றான் கீழே எழுதிக்கொண்டிருந்த பையன்.

"ராணிக்கும் ஜலதோஷம். எழுது."

வியாழக்கிழமை தர்ஹேலியா உருண்டைத் தட்டோடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். சிறகைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைக்கெட்டிய உயரத்தில் நாலைந்து துண்டு படித்தாள். நயேலி முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"இது கணக்குப் பாடம் இல்லையே?"

"இல்லம்மா."

"இத நீயா எழுதின?"

"ஆமாம்மா."

"பரீட்சைக்குப் படிக்கிறா, படிக்கிறான்னு எத்தனை தம்ளர் காப்பி போட்டுக் குடுத்திருப்பேன்! அத்தனையும் இந்தப் பல்லிக்கா?"

தர்ஹேலியா மறுபடியும் குனிந்து படித்தாள். துண்டு முடிந்தது. அடுத்த துண்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. தட்டை ஃபுல்டோனின் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் படகுக்காரன் என்னடி ஆனான்? ஆத்துல விழுந்துட்டான்னு இருக்கு. மிச்சத்தக் காணோம்" என்றாள்.

"மேல இருக்கும்மா. சிறகு நுனியில."

"அப்ப ஏணிய இந்தப் பக்கம் போடுங்கப்பா, சும்மா நிக்கிறீங்க."

அன்று மாலை எல்லோரும் போன பிறகு யோகோண்டா தனியாக ஏணியில் ஏறினாள். பிசிர் நிற்கும் இடங்களை அழுத்திக்கொண்டே வந்தவளுக்கு, சிறகின் உள்மடிப்பில் ஒரு துண்டு கண்ணில் பட்டது. 'படகுப் பாய் தைக்கிறவள் ஊசியை உதட்டில் கவ்வியபடியே பேசுவாள். அவள் சொல்வதில் பாதி யாருக்கும் புரியாது. புரிந்த பாதியே போதுமானது.' அதற்குக் கீழே இன்னொன்று. 'கிழிந்த சிறகை அவள் தன் மடியில் போட்டுக்கொண்டாள். எரியப்போகிற சிறகுக்கு எதற்குத் தையல் என்று தால்மூர் கேட்டது. அசையாதே என்றாள் அவள்.'

யோகோண்டா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். மருந்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இந்தப் பெண் எத்தனை நாள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் பொம்மையைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறார்கள். கட்டுகிறவளைப் பார்த்தார்கள் என்று யார் கண்டது?



வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவர்க்கோழிகள் வந்துவிட்டன. முதல் மழைக்கு முன்னால் அந்த நகரத்துக்கு எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து விளக்குகளை மொய்க்கும் பூச்சிகள். பசை வாசம் கண்டால் காகிதத்தையும் அரிக்கும். "ரெண்டு நாள்ல மழை," என்றான் ஃபுல்டோன். சிறகுக்கு உடனே வண்ணம் அடித்து, அதன்மேல் மெழுகெண்ணெய் பூசியாக வேண்டும். நல்லவேளையாக ஐந்தாம் நோட்டு முழுதும் எழுதி முடித்தாகிவிட்டது. ஆனால் ஆறாம் நோட்டின் ஒரு துண்டுகூட அந்தச் சிறகில் இல்லை.

யோகோண்டா கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நெஞ்சுல இருக்கு. கழுத்து மூங்கில் நெஞ்சுல வந்து சேர்ற இடத்துல கொஞ்சம் ஆட்டம் இருந்தது. அதுக்கு அண்டை குடுக்க ஒரு நோட்ட அப்படியே முழுசா சொருகினேன். மேல நாலு அடுக்கு சிமெண்ட் தாள்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நெஞ்சுக்கு வண்ணம் அடித்து முடிந்திருந்தது. செதில் செதிலாக, பச்சைக்குள் பொன், பொன்னுக்குள் பச்சை. மொத்தப் பொம்மையிலும் யோகோண்டா அதிகம் உழைத்த இடம் அது. அதற்கு மட்டும் பதினோரு நாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் நயேலி உடனே. "நாளன்னிக்கு எல்லாரும் வர்றாங்க. உங்க தெருவுக்கு முதல் தடவ வர்றாங்க. நான் ஞாபகத்துலேருந்து எழுதிக்கிறேன்."

"ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சம்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அதுவும் யாரோ எடுத்த படம், யாரோ உண்டாக்கின டிராகன். அத வெச்சு நான் எழுதறது எனக்கே பல சமயம் அசட்டுத்தனமாத்தான் தோணுது. இதுக்குப் போய் அந்த நெஞ்ச அறுக்கறதா?"

இரவெல்லாம் யோகோண்டாவுக்கு அந்தக் கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ உண்டாக்கினதுதான். அவள் கட்டுவதும் அப்படித்தானே? அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு இந்தத் தெரு இருப்பதே தெரியாது. இருந்தும் ஒன்பது டிசம்பர் அவளுக்கு இதனால் நிறைந்திருக்கிறது. அசடு என்றால் இரண்டு பேருமே அசடு.

சனிக்கிழமை காலையில் நயேலி மருந்துக் கடையைத் திறந்தபோது, எதிரே ஏணி நெஞ்சில் சாய்ந்திருந்தது. யோகோண்டா இருக்கை உறை வெட்டும் கத்தியோடு மேலே நின்றாள்.

"அக்கா! வேண்டாம்னு சொன்னேனே!"

"அசையாதே," என்றாள் யோகோண்டா, ஊசியைக் கவ்விய உதட்டோடு. டிராகனிடம் சொன்னாளா, பெண்ணிடம் சொன்னாளா தெரியாது.

முழங்கை நீளத்துக்குக் கத்தி இறங்கியது. பொன் செதில்கள் பிளந்தன. அவள் தோள்வரைக்கும் கையை விட்டு நோட்டை வெளியே இழுத்தாள். அட்டை பசையில் ஊறிக் கல்லாகியிருந்தது. ஓரமெல்லாம் பாளம். ஆனால் நடுவில் தாள்கள் பிரிந்தன, எழுத்துகள் நின்றன. நயேலி நடைபாதையிலேயே உட்கார்ந்து புரட்டினாள். கடைசித் தாள் மட்டும் பின்னட்டையோடு ஒன்றாகி, மை கரைந்து, வானம் மாதிரி நீலமாகக் கிடந்தது.

"போச்சு. கடைசிப் பக்கம் மட்டும்தான். போச்சு."

"அதுல என்ன இருந்தது?"

"தால்மூர் செத்துப்போயிடும்."

யோகோண்டா ஏணியிலிருந்து இறங்கி, கையைப் பாவாடையில் துடைத்தாள். தலைக்குமேல் ஒன்பது மீட்டருக்கு நின்ற தன் பொம்மையைப் பார்த்தாள்.

"இது எப்படியும் முப்பத்தொண்ணாந்தேதி சாகப்போகுது. உன் நோட்டுலயாவது இருந்துட்டுப் போகட்டுமே!"

நயேலி நோட்டைக் கோட்டுப் பைக்குள் போட முயன்றாள், அது நுழையவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் போனாள். அன்று மருந்து வாங்க வந்தவர்களில் இரண்டு பேருக்கு மாத்திரை மாறிப்போய், அவளே பின்னால் ஓடி மாற்றிக் கொடுத்தாள் என்று கேள்வி.

பிளந்த நெஞ்சை மறுபடி ஒட்டி, காயவைத்து, செதில் வரைய நேரம் இல்லை. யோகோண்டா பேருந்து இருக்கைக்கான வளைந்த ஊசியை எடுத்தாள். சிவப்பு நைலான் நூலைக் கோத்தாள். டிராகனின் நெஞ்சை, ஒவ்வொரு தையலும் தெருவிலிருந்து தெரியும்படி, தைத்து மூடினாள். பிறகு இடது சிறகுக்கு வண்ணம் அடித்தார்கள். நயேலி கேட்டதால் உள்மடிப்பில் கையகல இடம் மட்டும் வெள்ளையாகவே விடப்பட்டது. எந்த இடம் என்று யோகோண்டாவிடம் அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"ஏன்டி," என்றாள் யோகோண்டா தூரிகையைக் கழுவிக்கொண்டே, "பாய் தைக்கிறவ குறட்டை விடுவான்னு வேற எழுதியிருக்கியே?"

"அது கற்பனைக்கா."

"கற்பனையாம்! தெருவுக்கே கேக்குது," என்றான் ஃபுல்டோன்.

அன்றிரவு நயேலி கடைசிப் பக்கத்தைப் புதிதாக எழுதி, மிச்சக் கதை முழுவதையும் குழுவில் ஏற்றினாள். ஞாயிறு காலை நதிக்காரர்கள் முந்நூறு பேருக்குமேல் வந்தார்கள். அட்டைக் கவசம், நூல் தாடி, பிளாஸ்டிக் வாள். முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு வந்த ஒருவர் நெஞ்சைப் பார்த்து முகம் சுளித்தார்.

"படத்துல தால்மூருக்கு இந்த மாதிரித் தையல் எதுவும் கிடையாதே. எந்தப் படத்துலயும் கிடையாது."

உடனே பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "பாய் தைக்கிறவ தைச்சது! நேத்து வந்த கடைசி அத்தியாயம் படிக்கலையா நீங்க?" கூட்டத்தில் பாதிப் பேர் ஓவென்று சத்தம் போட்டார்கள். அவர்கள் எல்லோரும் படித்திருந்தார்கள். நயேலி புதிதாக எழுதிய பக்கத்தில், தால்மூரின் பிளந்த நெஞ்சைப் பாய் தைக்கிறவள் சிவப்பு நூலால் தைத்து மூடி, அதை நதிக்குள் அனுப்பிவைத்திருந்தாள். கம்பளி அங்கிக்காரர் போனை எடுத்து, அங்கேயே சிறகின் நிழலில் உட்கார்ந்து, படிக்க ஆரம்பித்தார். அவர் படித்து முடிக்கும் வரை ஊர்வலம் கிளம்பவில்லை.

அவர்கள் ஒருவர் பின் ஒருவராக யோகோண்டாவின் பசை காய்ந்த கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஊசி அவள் வாயில் இருந்தது. இருந்தது நல்லதாயிற்று. எடுத்திருந்தால் அழுதிருப்பாள்.

மழை திங்கட்கிழமைதான் வந்தது. மெழுகெண்ணெய் தாங்கியது.

முப்பத்தொன்றாம் தேதி சூரியன் சாய்கிற வேளையில், வழக்கப்படி, எரியப்போகிற பொம்மை எழுதிவைத்ததாகச் சொல்லும் உயிலை வாசிக்கக் கூட்டம் சேர்ந்தது. கேலிக்கு எழுதுவதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது ஒரு குத்தல் இருக்கும். ஃபுல்டோன் சாகிற பழைய வருடத்தின் விதவை வேஷத்தில், கறுப்புப் பாவாடை கட்டி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, ஜலதோஷக் குரலில் வாசித்தான். அந்த வருட உயிலை எழுதியது நயேலி.

"தால்மூராகிய நான், நல்ல புத்தியோடும் நாலு அடுக்கு சிமெண்ட் தாளோடும் எழுதுவது. தர்ஹேலியாவுக்கு என் மூன்றாவது கண்ணை விட்டுச்செல்கிறேன், மகள் நோட்டில் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க. ஃபுல்டோனுக்கு என் ஜலதோஷத்தை."

"அத எனக்கு எப்பவோ குடுத்தாச்சு!" என்றான் ஃபுல்டோன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து தொடர்ந்தான்.

"என்னைக் கட்டியவளுக்கு, என்னைத் தைத்தவளுக்கு, இந்தத் தெருவின் எல்லாக் காகிதங்களையும் என்றென்றைக்கும் விட்டுச்செல்கிறேன். நிபந்தனை ஒன்றே ஒன்று. கிழிப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும்."

தெருவே திரும்பி யோகோண்டாவைப் பார்த்துக் கைதட்டியது. தர்ஹேலியாதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

அடுத்த அக்டோபரில் முதல் மூட்டை வந்து விழுந்தபோது யோகோண்டா அதைப் பசைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. வாசலில் ஒரு முக்காலியைப் போட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். மேலே கிடந்தது யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் பெருக்கல் வாய்ப்பாடு நோட்டு. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.